பன்றிக்கும் கிளே ஷூட்டிங்குக்கும் ஒரே துப்பாக்கி போதுமா? பேரல் எத்தனை இன்ச் இருக்க வேண்டும்?

கேள்வியில் நீங்கள் சொன்னது: பாலக்காட்டு கொழிஞ்சாம்பாறை பக்கம் தென்னந்தோப்பும் நிலக்கடலையும். அப்பா பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாறிய 32 இன்ச் 12 போர் டபுள் பேரல், வலது குழல் ஹாஃப் சோக், இடது ஃபுல். பன்றி சுடும் பஞ்சாயத்துப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது. மகள் ட்ராப் (பறக்கும் கிளேத் தட்டைச் சுடும் போட்டி) பழக ஆசைப்படுகிறாள். பழைய குழலை 26 இன்ச்சாக வெட்டலாமா, புதிது வாங்கினால் எத்தனை இன்ச் என்று கேட்கிறீர்கள்.

வெட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, அதற்கென்று தனி லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குறைப்பது குற்றம். 20 இன்ச்சுக்குக் கீழே போய்விட்டால் அந்தத் துப்பாக்கி கட்டுப்படுத்தப்பட்ட வகைக்கே மாறிவிடும். சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், வெட்டினால் அது நல்ல துப்பாக்கியாக மிஞ்சாது. சோக் என்பது குழலின் வாய்ப்பக்கம் கடைசி இரண்டு மூன்று இன்ச்சில் இருக்கும் குறுகல். 6 இன்ச் வெட்டினால் முதலில் போவது அதுதான். அத்தோடு இரண்டு குழலையும் இணைக்கும் ரிப் ஈயப்பற்றில் நிற்கிறது. வாய்ப்பக்கம் அறுத்தால் பற்று விட்டு, உள்ளே ஈரம் இறங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழைக்காற்று வரும் ஊரில் அந்தத் துரு வெளியே தெரியவே தெரியாது. இப்போதே ரிப் கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்க, குழல்களைக் கட்டையிலிருந்து (தோளில் வைக்கும் மரப்பகுதி) கழற்றி, அடியில் இருக்கும் கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு நகத்தால் சுண்டுங்கள். வெண்கல மணி போல நீளமாக ஒலித்தால் நல்லது. மொத்தென்று அடங்கினாலோ நரநரத்தாலோ துப்பாக்கி ரிப்பேர்க் கடைக்கு எடுத்துப் போகவேண்டியதுதான்.

நீளக் குழல் தூரமாக அடிக்கும் என்பது கருமருந்து நாளோடு போன விஷயம். கருமருந்து மெதுவாக எரியும், அதனால் நாட்டுத் துப்பாக்கிக்கு நீளக் குழல் தேவைப்பட்டது. இன்றைய தோட்டாவில் மருந்து குழலின் முன்பாதிக்கு வருமுன்பே தன் வேலையைப் பெரும்பாலும் முடித்துவிடுகிறது. 28 இன்ச்சிலிருந்து 26க்கு இறங்கினால், நொடிக்கு 1,200 அடி வேகத்தில் 10 முதல் 20 அடிதான் குறையும். பன்றிக்கும் அது தெரியாது, கிளேவுக்கும் தெரியாது.

ரவை (தோட்டாவிலிருந்து சிதறும் ஈயக் குண்டுகள்) எப்படி விரிகிறது என்பதை முடிவு செய்வது சோக்கும் தோட்டாவும். 40 கஜத்தில் (36.6 மீட்டர்) 30 இன்ச் வட்டத்துக்குள் விழும் ரவையின் பங்கைக் கணக்கு வைத்தால், சோக் இல்லாத குழலில் சுமார் 40 சதவீதம், ஹாஃபில் 60, ஃபுல்லில் 70. குழல் 26 ஆனாலும் 32 ஆனாலும் இந்தக் கணக்கு மாறாது.

அப்படியென்றால் நீளம் எதை மாற்றுகிறது? கையில் துப்பாக்கி நகரும் விதத்தை. நீளக் குழலின் எடை முன்னால் நிற்கும். நகர்த்தத் தொடங்கச் சற்றுத் தாமதம் ஆகும், ஆனால் தொடங்கிய பிறகு சீராகப் போகும், ட்ரிக்கரை அழுத்தும் நொடியில் நின்றுவிடாது. குட்டைக் குழல் சட்டென்று திரும்பும், அதே வேகத்தில் சட்டென்று நின்றும்விடும். பறக்கிற இலக்கைத் தவறவிடுவதில் பெரும்பங்கு இந்த நின்றுவிடுவதால்தான், ரவை இலக்குக்குப் பின்னால் போய்விடும். குட்டைக் குழலில் சத்தமும் காதுக்கு நெருங்கி வரும், காதடைப்பான் இல்லாமல் சுடவே கூடாது.

வாங்கும்போது பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. குழலின் நீளத்தை மூடிய பிரீச் (தோட்டா போடும் பின்பக்கம்) முகத்திலிருந்து வாய் வரை அளக்கிறார்கள். பம்ப் ஆக்‌ஷனில் (முன்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் ஒற்றைக் குழல் துப்பாக்கி) அதற்குப் பின்னால் ரிசீவர் என்ற இயந்திரப் பெட்டி மூன்றரை, நான்கு இன்ச் கூடுதலாக இருக்கும். ஆக, 26 இன்ச் பம்பும் 30 இன்ச் டபுள் பேரலும் மொத்த நீளத்தில் ஏறக்குறைய ஒன்று. குழலில் அடித்திருக்கும் எண்ணை மட்டும் வைத்து ஒன்றோடு ஒன்றை ஒப்பிடாதீர்கள்.

இனி பன்றி. கேரளாவில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவருக்கு கௌரவ வனவிலங்கு வார்டன் அதிகாரம் இருப்பதால், அவர் உத்தரவு எழுதிக் கொடுத்தால் லைசென்ஸ் உள்ளவர் சுடலாம். வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்விட்டால் அந்த உத்தரவு செல்லாது. தமிழ்நாட்டில் 2025 அரசாணைப்படி காட்டு எல்லையிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் மட்டுமே சுட முடியும், அதையும் வனத்துறைதான் செய்யும். உங்கள் தோப்பு எல்லையை ஒட்டி இருந்தால், எந்த சர்வே நம்பரில் நிற்கிறீர்கள் என்பது முக்கியம். லைசென்ஸ் புத்தகத்தில் ஏரியா எதுவரை என்றும் பாருங்கள்.

பரணிலிருந்து 15, 20 மீட்டரில் சுட நீளம் ஒரு தடையே இல்லை. புதருக்குள் நடந்து போய்ச் சுடுபவருக்குத்தான் 26 வசதி. பரணில் உட்காருபவருக்கு 32 இன்ச் கனமே உதவி, குழல் ஆடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் தோட்டாவை எடுத்துவிட்டு ஏறுங்கள். நீளக் குழலின் வாய் வரப்பில் குத்தும், ஒரு விரல்கடை மண் உள்ளே இருந்தாலும் சுடும்போது குழல் புடைக்கும் அல்லது வெடிக்கும். மேலே போனதும் பிரீச்சைத் திறந்து குழல் வழியாக வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் தோட்டா போடவேண்டும்.

உங்கள் துப்பாக்கியில் நிஜமாகவே கவனிக்கவேண்டியது எல்.ஜி., எஸ்.ஜி. என்ற பெரிய ரவைத் தோட்டாக்களின் விஷயம். 12 போரின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ. ஃபுல் சோக்கில் வாய் சுமார் 17.5 மி.மீ. ஆகிறது. எல்.ஜி. ரவை ஒன்று 9.1 மி.மீ., இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றால் 18.2. குழலில் நுழைந்து வரும், சோக்கில் நசுங்கும். நசுங்கிய ஈயம் நேராகப் போகாது. எஸ்.ஜி. 8.4 மி.மீ., சிறியது என்பதால் நசுங்குவது குறைவு. அதனால் பன்றிக்கு எஸ்.ஜி.யை வலது குழலில், அதாவது முன் ட்ரிக்கரில் வைத்துப் பாருங்கள். சிங்கிள் பால் (ஒரே குண்டு உள்ள) தோட்டாவை, சோக் குழலுக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருந்தாலொழிய போடவே வேண்டாம்.

ஒரு நாள் ரேஞ்சில், உங்கள் பரண் தூரத்தில் நாலடி சதுரக் காகிதத்தைக் கட்டி, ஒவ்வொரு குழலிலும் மூன்று தோட்டா, ஒவ்வொன்றுக்கும் புதுக் காகிதம் என்று சுட்டுப் பாருங்கள். பன்றியின் முன்தோளுக்குப் பின்னால் உயிர்நிலை ஒரு சாண் அகலம்தான். ரவை பெரும்பாலும் அந்தச் சாணுக்குள் விழும் தூரம்தான் உங்கள் எல்லை. அதைத் தாண்டிச் சுட்டால் பன்றி காயத்தோடு ஓடும். காயம்பட்ட பன்றி அடுத்த தோட்டத்துக்காரரைத் தாக்கும். பரணிலிருந்து கீழ்நோக்கியே சுடவேண்டியதற்கும் கணக்கு இருக்கிறது: எஸ்.ஜி. ரவை மேல்நோக்கிப் போனால் 650 மீட்டர் வரை போய் விழும்.

மகளுக்கு வேறு துப்பாக்கிதான். சர்வதேச ட்ராப்பில் 24 கிராம் தோட்டா, 15 மீட்டர் முன்னால் குழியிலிருந்து கிளே 76 மீட்டர் போகும் வேகத்தில் கிளம்பும். தோளில் முன்கூட்டியே வைத்துக்கொண்டுதான் கிளேவைக் கூப்பிடுவார்கள். அதனால் நீளக் குழலால் நஷ்டமில்லை, 30 இன்ச் ஓவர் அண்ட் அண்டர் (ஒன்றன்மேல் ஒன்றாக இரு குழல்) வழக்கமான தேர்வு, உயரமானவர்கள் 32 எடுப்பார்கள். ஸ்கீட் என்ற இன்னொரு கிளே போட்டியில் இலக்கு கிட்டத்தில் குறுக்கே பறக்கும், துப்பாக்கியை இடுப்பளவிலிருந்து தூக்கவேண்டும். அங்கே 28, 30. பாரிஸ் 2024இல் ட்ராப் ஆடிய பிருத்விராஜ் தொண்டைமானின் புதுக்கோட்டையில் ஷாட்கன் ரேஞ்ச் உண்டு. வாங்கும் முன் அங்கே கிளப் துப்பாக்கிகளில் 28, 30 இரண்டையும் அவள் கையில் கொடுத்துப் பாருங்கள்.

பார்க்கும் விதம்: இரண்டு சேம்பரும் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணால் பார்த்தபின், தோளில் வைத்து சுவரும் கூரையும் சேரும் கோட்டின் மேல் வாயை மூலையிலிருந்து மூலைக்கு ஓட்டச் சொல்லுங்கள். பத்தாவது முறையிலும் கோட்டிலேயே ஓடினால் அந்த நீளம் சரி. வாய் கீழே சரிந்தால் 28க்கு இறங்குங்கள். ட்ராப் துப்பாக்கி மூன்றரை கிலோவுக்கு மேல் இருக்கும், பெண்பிள்ளைகளுக்குக் கட்டை நீளமாக இருப்பதும் சகஜம். கட்டையைக் குறைப்பதில் சட்டச் சிக்கல் இல்லை, குழலில்தான் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் பெயரில் 2 துப்பாக்கிதான், ஆகவே லைசென்ஸை அவள் பெயரில் ஸ்போர்ட்ஸ் வழியாகக் கேட்பது நல்லது.

எந்தத் தோட்டா வாங்கும் முன்பும் பழைய துப்பாக்கியின் குழல் அடியில் 65 என்றோ 70 என்றோ அடித்திருக்கிறதா பாருங்கள். இரண்டரை என்று இன்ச்சில் இருந்தால் அது 65. 70 மி.மீ. தோட்டா 65 சேம்பரில் தடையில்லாமல் நுழைந்துவிடும், ஏனென்றால் அந்த அளவு சுட்டபின் விரிந்த நீளம். சுடும்போது நுனி விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். உங்களுடையது 65 என்றால் கடையில் 65 என்று எழுதிய டப்பாவை மட்டும் வாங்குங்கள், மகளின் 70 மி.மீ. தோட்டாக்களை அதே அலமாரியில் வைக்காதீர்கள்.