ஐசியைக் கொடுத்தவருக்கு என்ன ஆகும்?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 22 வயது. சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன். தேசியச் சேவை முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் புளோக்கில் கூடப் பந்து விளையாடும் நண்பனுக்கு 17 வயது. கிளார்க் கீயில் ஒரு மதுக்கூடத்துக்கு நண்பர்களோடு போக வேண்டும் என்று என் ஐசியை, அதாவது அடையாள அட்டையைக் கேட்டான், கொடுத்துவிட்டேன். உள்ளே போய்க் குடித்துக்கொண்டிருந்தபோது போலீஸ் சோதனை வந்து மாட்டிக்கொண்டான். அட்டை இப்போது போலீசிடம். அடுத்த வாரம் வந்து வாக்குமூலம் கொடுக்கச் சொல்லி எனக்கு ஃபோன் வந்தது. ‘தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடு’ என்கிறான். நான் குடிக்கவில்லை, அங்கே போகவும் இல்லை. எனக்கு என்ன ஆகும்? வாட்ஸ்அப்பில் பேசியதை அழித்துவிடட்டுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி. அழிக்காதீர்கள். ‘தொலைந்துவிட்டது’ என்றும் சொல்லாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம், இந்த இரண்டும் அவசரம்.

விசாரணை நடக்கும் என்று தெரிந்தே சான்றுகளை அழிப்பது நீதிக்கு இடையூறு செய்யும் குற்றம். அதற்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. பொது ஊழியரிடம் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் 2 ஆண்டு வரை. இரண்டுமே தண்டனைச் சட்டத்தில் தனித்தனிக் குற்றங்கள். ஐசி கொடுத்தது ஒரு நிமிடத்து அசட்டுத்தனம் என்று அதிகாரியிடம் எடுத்துச் சொல்ல முடியும். உட்கார்ந்து யோசித்துச் சொன்ன பொய்யை அப்படிச் சொல்ல முடியாது. அந்தப் பொய் நிற்கப்போவதும் இல்லை. ‘மச்சி, கீழே வந்து வாங்கிக்கோ’ என்று நீங்கள் அனுப்பிய வரி உங்கள் கைப்பேசியில் இல்லாவிட்டாலும் அவன் கைப்பேசியில் இருக்கும். அவன் கூட்டாளிகளில் ஒருவன் பயந்துபோய் நடந்ததை அப்படியே சொல்லிவிடுவான். அப்போது உங்கள் மேல் இரண்டு வழக்கு.

சரி, கொடுத்ததற்கு என்ன? நீங்கள் அங்கே போகவில்லை, குடிக்கவில்லை என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் சட்டம் பார்ப்பது வேறு இடத்தை. அடுத்தவராக நடித்து ஒருவரை நம்பவைத்து ஏமாற்றுவது ஆள்மாறாட்ட ஏமாற்று. தண்டனைச் சட்டம் 419வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். அதற்குத் தெரிந்தே உதவியவர் உடந்தை ஆகிறார். உதவியதன் பலனாகக் குற்றம் நடந்துவிட்டால், 109வது பிரிவின்படி உடந்தைக்கும் அதே அளவு தண்டனை விதிக்கலாம். இது போக, தக்க காரணமில்லாமல் அடுத்தவர் அடையாள அட்டையைப் பயன்படுத்துவது தேசியப் பதிவுச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். அது உங்கள் நண்பன் பக்கம் வருவது.

இங்கே ‘தெரிந்தே’ என்ற சொல்தான் முக்கியம். உங்கள் பையிலிருந்து அவன் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போயிருந்தால் கதையே வேறு. நீங்கள் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுத்திருக்கிறீர்கள்.

‘ஒரு பியர் குடித்ததில் யாருக்கு நஷ்டம்’ என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அந்த மதுக்கூடக்காரரை நினைத்துப் பாருங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு மது கொடுத்தால் உரிமம் பெற்றவருக்கு 10,000 வெள்ளி (டாலர்) வரை அபராதம், உரிமத்துக்கும் ஆபத்து. வாசலில் நின்று ஐசி பார்த்த பையனும் உங்கள் வயதுக்காரனாகத்தான் இருப்பான். அன்று இரவு அவன் வேலை என்ன ஆயிற்றோ, எனக்கு அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அவனை எப்படி உள்ளே விட்டார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். நம் ஊரில் 15 வயதில் முதல் அடையாள அட்டை எடுக்கிறோம், 30 வயதில்தான் மறுபதிவு. ஆக உங்கள் அட்டையில் இருப்பது பள்ளிக்கூடப் படம். இன்றைய உங்கள் முகத்தைவிட 17 வயது நண்பனின் முகம் அதற்குக் கிட்டத்தில் இருக்கும். மங்கலான விளக்கில் வாசல்காரர் ஏமாந்ததில் வியப்பில்லை. போலீசிடம் அது எடுபடாது. அட்டையின் பின்பக்கம் உங்கள் பெருவிரல் ரேகை இருக்கிறது. அதில் உள்ள முகவரியின் அஞ்சல் குறியீட்டைக் கேட்டாலே பாதிப் பேர் தடுமாறிவிடுவார்கள்.

இப்போது உங்கள் விஷயத்தில் என்ன நடக்கக்கூடும்? நான் சொன்னவை சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்புகள், ஒவ்வொருவருக்கும் அப்படியே கிடைப்பவை அல்ல. விசாரணை முடிந்ததும் போலீசார் அரசாங்க வழக்கறிஞர்களோடு கலந்து முடிவெடுப்பார்கள். குற்றச்சாட்டு பதிவாகலாம். அல்லது கடுமையான எச்சரிக்கையோடு முடியலாம், அது தண்டனைத் தீர்ப்பு ஆகாது. முன்பு எந்தக் குற்றமும் செய்யாதவர், பணத்துக்காகச் செய்யாதவர், கேட்டவுடன் உண்மையைச் சொன்னவர் என்பதெல்லாம் கணக்கில் வரும். எப்படி முடியும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. வேறு யாராவது கொடுத்தாலும் நம்பாதீர்கள்.

வேலை தேடுகிறீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். குற்றவாளி என்று தீர்ப்பாகி, தண்டனை 3 மாதச் சிறைக்கு உள்ளே அல்லது 2,000 வெள்ளி அபராதத்துக்கு உள்ளே இருந்தால், அதற்குப் பிறகு 5 ஆண்டு வேறு குற்றமில்லாமல் இருந்தவரின் பதிவு காலாவதி ஆக வழி இருக்கிறது. ஆனால் அந்த 5 ஆண்டும் உங்கள் வயதில் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஆண்டுகள். விண்ணப்பப் படிவத்தில் குற்றப் பதிவு உண்டா என்று கேட்கும் அந்த ஒரு கட்டத்தைப் பார்த்து, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்த ஒரு பையனை என் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இதுவே வேலை அனுமதியிலோ மாணவர் அனுமதியிலோ இங்கே இருப்பவர் என்றால், அந்த அனுமதிக்கே ஆபத்து.

வாக்குமூலம் கொடுக்கும் நாளைப் பற்றி. கேட்பதற்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். உங்களைக் குற்றத்தில் சிக்கவைக்கக்கூடியதைச் சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு, பொய் சொல்லத்தான் உரிமை இல்லை. வழக்கறிஞர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆகவே போவதற்கு முன்பே ஒருவரைப் பார்த்துவிடுங்கள். கையில் பணமில்லை என்றால் புரோ போனோ எஸ்ஜி என்ற அமைப்பு நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு முன்பதிவு செய்யலாம். கிடைப்பது சுமார் 20 நிமிடம்தான், அதனால் நடந்ததைத் தேதி, நேரத்தோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாக்குமூலத்தின்போது தமிழில் பேசினால்தான் சரியாக வரும் என்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். அதிகாரி எழுதியதை வரி வரியாகப் படித்து, தவறிருந்தால் திருத்தச் சொல்லி, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

நண்பனோடு ‘நீ இப்படிச் சொல்லு, நான் அப்படிச் சொல்றேன்’ என்று பேசிவைக்காதீர்கள். அவன் 17 வயதுப் பையன், பயந்துபோயிருப்பான். ‘உங்கள் வீட்டில் சொல்லு, நான் உண்மையைத்தான் சொல்லப்போகிறேன்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் இன்றிரவே சொல்லிவிடுங்கள். போலீஸ் கடிதம் கதவுக்கு வந்த பிறகு அம்மாவுக்குத் தெரிவதைவிட உங்கள் வாயால் தெரிவது நல்லது.

அடுத்த முறை அட்டை வேண்டாம், சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழைய உதவும் மின்னிலக்க அடையாளம்) விவரத்தைக் கொடு என்று யாராவது கேட்கலாம். குற்றத்துக்குப் பயன்படும் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணமிருந்தோ சிங்பாஸ் விவரங்களைக் கொடுத்தால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். சிகரெட்டுக்காகக் கேட்டாலும் கொடுக்காதீர்கள், 2021 முதல் அதற்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

அட்டை வழக்கு முடியும்வரை போலீசிடமே இருக்கலாம். ‘தொலைந்தது’ என்று எழுதிக்கொடுத்துப் புதிது வாங்கப் போகாதீர்கள், அது இன்னொரு பொய். எப்போது திரும்பக் கிடைக்கும் என்று விசாரணை அதிகாரியிடமே கேளுங்கள். அதுவரை நேர்காணலுக்குப் போக வேண்டியிருந்தால், உங்கள் சிங்பாஸ் செயலியில் இருக்கும் மின்னிலக்க அடையாள அட்டையைக் காட்டலாமா என்று அந்த நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.