குதிரைமசாலுக்குத் தண்ணீரும் யூரியாவும் தவறாமல் கொடுத்தும் மஞ்சளாகிறதே, ஏன்?

தவறாமல் கொடுத்ததுதான் காரணம். குதிரைமசால் மாட்டுத் தீவனம்தான், ஆனால் பயறு இனம். உங்கள் காட்டை நான் பார்க்கவில்லை. ஆனால் போர்வெல்லும் இலவச கரண்டும் இருக்கும், கை சும்மா இருந்திருக்காது. என் கையும் சும்மா இருக்கவில்லை.

எங்களுக்குத் தாராபுரம் பக்கம். ரோட்டோரமாக 30 சென்ட்டில் குதிரைமசால் போட்டேன். மூன்று நாளைக்கு ஒரு தண்ணீர், ஒவ்வொரு அறுப்புக்கும் 15 கிலோ யூரியா. முதல் இரண்டு அறுப்பு ஜோராக வந்தது. மூன்றாவதில் அடி இலை மஞ்சள், நடுநடுவே சொட்டை, சந்தெல்லாம் கோரையும் அருகும்.

பெரியப்பா வந்து பார்த்தார். "இதென்ன நெல்லாடா சாமி, தண்ணி கட்டி நிறுத்தறதுக்கு?" என்று ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்தார். வேரில் முடிச்சு நாலைந்துதான். நகத்தால் கிள்ளினால் உள்ளே வெளுத்த பச்சை. அப்புறம் வரப்போரம் மானாவாரியாக நின்ற தட்டைப்பயறையும் அதேபோல் தோண்டி எடுத்தார். மிளகு மிளகாக முடிச்சு. கிள்ளினால் பீட்ரூட் மாதிரிச் சிவப்பு. அந்தச் சிவப்பு இருந்தால்தான் முடிச்சு வேலை செய்கிறது, காற்றிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடிக்கிறது என்று அர்த்தம். மண்ணில் தண்ணீர் நின்றால் வேருக்கும் முடிச்சுக்கும் மூச்சு முட்டும். யூரியாவும் தழைச்சத்துதான், அது தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு வைப்பதையே விட்டுவிடும். அந்த யூரியாவைத் தின்று கொழுத்தது கோரைதான்.

தழைச்சத்தே வேண்டாமா என்று விவசாயம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நான் பி.காம். விதைக்கும்போது அடியுரமாகக் கொஞ்சம் போடுவது சரிதான். இதற்கு நிறைய வேண்டியது மணிச்சத்து (பாஸ்பரஸ்). சிபாரிசு ஹெக்டேருக்கு 25 கிலோ தழை, 120 மணி, 40 சாம்பல். என் 30 சென்ட்டுக்கு அந்த மணிச்சத்து கிட்டத்தட்ட இரண்டு மூட்டை சூப்பர் பாஸ்பேட். நான் ஒரு பிடிகூடப் போட்டிருக்கவில்லை.

ஏன் அவ்வளவு தண்ணீர் விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜாதகம் பார்த்து வருகிறவர்கள் கண்ணுக்கு ரோட்டோரம் பச்சையாக இருக்கட்டும் என்றுதான். வந்தார்கள், மோர் குடித்தார்கள், "பையன் மாடு மட்டும்தான் வெச்சிருக்கானா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மாசம் பதினெட்டாயிரத்துக்குத் திருப்பூரில் கணக்கு எழுதினால் மாப்பிள்ளை. அதையே பாலில் சம்பாதித்தால் மாட்டுக்காரன். காங்கேயம் காளையோடு நின்று போட்டோ எடுக்க மட்டும் எல்லோருக்கும் ஆசை. சரி, விடுங்கள்.

கடைக்கோடியில் வடிகால் வெட்டினேன். தண்ணீரை வாரம் ஒன்றாக்கினேன், எங்களுடையது செம்மண். உங்களுடையது களிமண்ணாக இருந்தால் இன்னும் தள்ளிக் கட்டுங்கள், ஒரு சாண் தோண்டி ஈரம் பார்த்துவிட்டு. பாதிச் செடி போனது போனதுதான். மிச்சம் தேறி, 25–30 நாளுக்கு ஒரு அறுப்பு வருகிறது. சொட்டை விழுந்த இடத்தில் மேட்டுப்பாத்தி போட்டு, தொழு உரமும் சூப்பரும் இட்டு, ஆறின கஞ்சியில் ரைசோபியம் (வேரில் முடிச்சு வைக்க உதவும் நுண்ணுயிர்) கலந்து, அதில் விதையைப் புரட்டி மறுபடி விதைத்தேன்.

தண்ணீரே தட்டுப்பாடு என்றால் குதிரைமசாலை விட்டுவிட்டு முயல்மசால் போடுங்கள், மழையிலேயே வரும். எங்கள் கொறங்காட்டில், அதாவது மானாவாரி மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப்புல்லோடு நரிப்பயறு யாரும் தண்ணீர் கட்டாமலே முளைக்கிறது, ஆட்டுப்புழுக்கைதான் உரம்.

இன்றைக்கே ஒரு செடியைத் தோண்டிக் கிள்ளிப் பாருங்கள். இழுத்துப் பிடுங்காதீர்கள், முடிச்செல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும்.