எதிரியின் மாநாட்டில் ஒரு நாற்காலி

அன்புள்ள ஐயா,

இதழியல் படிக்கிறேன். 2004இல் யுஎஸ்ஏ டுடே நாளிதழ், அதிபர் வேட்பாளரை அறிவிக்கும் ஜனநாயகக் கட்சி மாநாட்டைப் பற்றி எழுத வலதுசாரிப் பத்தியாளர் ஆன் கோல்டரையும், குடியரசுக் கட்சி மாநாட்டைப் பற்றி எழுத இடதுசாரி ஆவணப்பட இயக்குநர் மைக்கேல் மூரையும் அமர்த்தியது. கோல்டரின் முதல் பத்திக் கட்டுரையை வெளியிட மறுத்து, அவர் இடத்தில் இன்னொரு வலதுசாரிப் பத்தியாளரான ஜோனா கோல்ட்பெர்கைப் போட்டது. அது நியாயமா? பத்தியாளருக்கு நடுநிலை வேண்டாமா? எதிர்த்தரப்பு ஆள் எழுதியது என்று தெரிந்தால் நான் இரண்டாம் வரியோடு நிறுத்திவிடுவேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த ஆகஸ்டில் நான் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். குடியரசுக் கட்சி மாநாடு நடந்த நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன் மேடையில், அக்கட்சியின் செனட்டர் ஜான் மெக்கெய்ன், பெயர் சொல்லாமல், ஒரு நேர்மையற்ற திரைப்படக்காரர் என்று மூரைக் குத்தினார். மூர் செய்தியாளர் பகுதியில்தான் இருந்தார். கூட்டமே அவர் பக்கம் திரும்பிக் கூச்சலிட்டது. அவர் சிரித்துக் கையசைத்தார். எனக்கு வருத்தமாகிவிட்டது. இராக் போரை மெக்கெய்ன் எப்படி நியாயப்படுத்தினார் என்பதை உன்னிப்பாகக் கேட்க வேண்டியவர், தானே வேடிக்கைப் பொருளாகிவிட்டார்.

கோல்டர் விவகாரத்தை விடுங்கள். வசைக்குப் பேர்போனவரை அழைத்துவிட்டு, எழுத்தில் தெளிவில்லை என்று திருப்பி அனுப்புவது பத்திரிகையின் தடுமாற்றம், அவ்வளவுதான். நடுநிலையும் வேண்டாம். கட்சியைச் சொல்லி, பெயரைப் போட்டு அச்சிட்ட பத்தியில் ஏமாற்று எங்கிருந்து வந்தது?

நான் பல நாட்களாக நினைத்துக்கொண்டிருப்பது வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனைப் பற்றி. 1896, 1900, 1908 என்று மூன்று முறை ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்று தோற்றவர். 1912 ஜூனில் சிகாகோவில் குடியரசுக் கட்சி மாநாடு. 1908இல் பிரையனைத் தோற்கடித்து அதிபரான டாஃப்டை, அதே கட்சியின் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வீழ்த்தி வேட்பாளராகப் பார்க்கிறார். அங்கே பிரையன் பத்திரிகைகளுக்கு எழுதச் செய்தியாளர் இருக்கையில் உட்கார்ந்தார். தகராறுக்குள்ளான 254 பிரதிநிதி இடங்களில் 235 டாஃப்ட் பக்கம் போயிருந்தன. மாநாட்டின் தற்காலிகத் தலைவர் தேர்தலிலும் டாஃப்ட் அணியே 558 வாக்குகளோடு வென்றது. இந்த எண்களுக்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்று சொல்லி அவருக்கு விளங்கவைக்க வேண்டியதில்லை. பிரதிநிதிகளை எப்படிச் சேர்ப்பார்கள், எப்படிக் கழிப்பார்கள் என்று உள்ளே இருந்து பார்த்தவர். எந்த நடுநிலையாளருக்கு அந்தக் கண் வாய்க்கும்?

அதைவிடப் பெரிது அடுத்து நடந்தது. சிகாகோவிலிருந்து நேரே பால்டிமோருக்கு, தன் சொந்தக் கட்சியின் மாநாட்டுக்குப் போனார். இப்போது பிரதிநிதியாகவும். அங்கே மார்கன், ரயன், பெல்மாண்ட் ஆகிய பணமுதலைகளுக்குக் கட்டுப்பட்டவர் எவரையும் வேட்பாளராக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். ரயனும் பெல்மாண்டும் அதே அரங்கில் பிரதிநிதிகள்! கட்சிக்காரர்களே அவரைப் பார்த்துக் கத்தினார்கள். அவர் பின்வாங்கவில்லை. 46ஆவது சுற்று வாக்கெடுப்பில் உட்ரோ வில்சன் தேர்வானார். எதிரி வீட்டின் அழுக்கை ஒரு வாரம் எழுதிய கை, சொந்த வீட்டுக்கு வந்ததும் ஓய்ந்துவிடவில்லை. மூரிடமும் கோல்டரிடமும் நான் தேடியது இதைத்தான்.

நீங்களோ இரண்டாம் வரியில் நிறுத்துகிறேன் என்கிறீர்கள். அதைப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள். இதழியல் படிக்கிற பிள்ளை செய்கிற காரியமா இது? கோபத்தில்தான் சொல்கிறேன், உங்கள் கடிதத்தில் தெரிகிற கூர்மை வீணாகக் கூடாதே என்ற கோபம். பிரையன் இரு மாநாடுகளையும் பற்றி எழுதிய பத்திகள் அந்த ஆண்டே நூலாக வந்தன. கல்லூரி நூலகத்தில் கேளுங்கள். சிகாகோ பகுதியை முழுதாக முடித்துவிட்டு, பிறகு பால்டிமோர். படித்ததும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.