ரெய்ஷி காளானின் பாலிசாக்கரைடு என்பது என்ன? அரிசியிலும் அதுதானே இருக்கிறது?

சர்க்கரை மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலிதான் பாலிசாக்கரைடு. இட்லி அரிசியின் மாவுச்சத்தும் காளானின் பீட்டா குளுக்கானும் குளுக்கோஸால் ஆனவையே. வேறுபாடு முடிச்சில். மாவுச்சத்தில் இருப்பது ஆல்ஃபா பிணைப்பு, நம் எச்சிலே அதை வெட்டிவிடும். காளானில் முதுகெலும்பு பீட்டா 1,3 பிணைப்பு, கிளைகள் பீட்டா 1,6. இதை வெட்டும் நொதி நம் குடலில் சுரப்பதில்லை, அதனால் நார்ச்சத்தாகவே கடந்து போகிறது.

காசிமேட்டில் படகு கட்டும் முப்புரிக் கயிற்றைப் பாருங்கள். பீட்டா குளுக்கான் சங்கிலிகளும் பல சமயம் மூன்று மூன்றாக முறுக்கிக்கொள்ளும். அடர் காரம் பட்டால் முறுக்கு அவிழும். நம் நோய் எதிர்ப்புச் செல்களின் மேல் இவற்றை அடையாளம் காணும் டெக்டின்-1 என்ற ஏற்பி உண்டு. ரெய்ஷி மீதான ஆர்வம் எல்லாம் அதனால்தான்.

காளான் செல்சுவரில் பீட்டா குளுக்கான், கைட்டின் என்ற கடினமான பொருளோடு பின்னியிருப்பதால் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடித்தால் கொஞ்சமே கரையும். மெலிதாகச் சீவி, 20 மடங்கு தண்ணீரில் 2 மணி நேரமாவது கொதிக்க வைக்க வேண்டும்.

'பாலிசாக்கரைடு 40%' என்ற லேபிளை மட்டும் நம்பாதீர்கள், தானியத்தில் வளர்த்த காளான் இழையில் மாவுச்சத்தும் அந்தக் கணக்கில் சேரும். பொடியைக் கொதிக்க வைத்து, நன்றாக ஆறியபின் இரண்டு சொட்டு அயோடின் விடுங்கள். கருநீலமானால் மாவுச்சத்து. சூட்டில் விட்டால் நிறம் தெரியாது. மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்தைச் சிறு துண்டுகளாக உடைத்த பொடி) கலந்திருந்தால் இதில் தப்பிவிடலாம். பீட்டா குளுக்கான் அளவைத் தனியாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

கசப்பு கூடினால் பாலிசாக்கரைடும் கூடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கசப்பு காளானில் உள்ள ட்ரைடெர்பீன்கள் என்ற வேறு வகைச் சேர்மங்கள் தருவது, பாலிசாக்கரைடு கசக்காது.