காற்றே இல்லாத விண்வெளியில் ராக்கெட் எதைத் தள்ளி நகர்கிறது? எப்படித் திரும்புகிறது?

வெளியே எதையும் தள்ள வேண்டியதில்லை, தன்னிடம் இருப்பதைத் தூக்கி எறிந்தால் போதும்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவன். ஈயக்குட்டையில் சம்பான் படகில் நின்றுகொண்டு 20 கிலோ செம்பனைக் குலையைப் பின்னால் வீசிப் பாருங்கள். சம்பான் முன்னால் நகரும். குலை காற்றில் மோதியதாலா? இல்லை. குலையை நீங்கள் தள்ளும்போதே அது உங்களைத் தள்ளிவிடுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி அவ்வளவுதான். ராக்கெட் வீசுவது சூடான வாயுவை, நொடிக்குச் சுமார் 3 முதல் 4 கிலோமீட்டர் வேகத்தில். எரிபொருள் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனையும் தானே சுமந்து போகிறது. காற்று இல்லாதது உண்மையில் வசதி, தடை குறைவு.

இந்தச் சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 1920-இல் நியூயார்க் டைம்ஸ் இதைச் சொல்லித்தான் ராக்கெட் முன்னோடி கோடார்டைக் கிண்டல் செய்தது. திருத்தம் போட்டது 1969-இல், அப்போலோ 11 கிளம்பிய மறுநாள்!

சரி, திரும்புவது? சுக்கான், இறக்கை எதுவும் அங்கே உதவாது. பக்கவாட்டிலுள்ள குட்டி உந்திகள் சிறிது வாயுவைப் பீய்ச்சினால் கலம் சுழலும். நிறுத்த எதிர்ப்பக்கம் பீய்ச்ச வேண்டும். ஹபிள் தொலைநோக்கி உள்ளே சக்கரங்களைச் சுழற்றியே திரும்பிக்கொள்கிறது. ஆனால் முகம் திரும்பினால் பாதை மாறாது, பழைய திசையிலேயே போகும். பாதை மாற மறுபடி எஞ்சினை எரிக்க வேண்டும். பிரேக்கும் அப்படித்தான்: பின்பக்கத்தை முன்னால் திருப்பி எரிப்பது.

நம் வீட்டு அஸ்ட்ரோ டிவி தட்டு பார்த்திருக்கும் மியாசாட் செயற்கைக்கோளும் இடம் நகராமலிருக்க அவ்வப்போது உந்தியை இயக்குகிறது. எரிபொருள் தீர்ந்தால் அதன் வேலையும் முடிந்தது.