பால்மரக் காட்டு வெயிலும் பரோசா வெயிலும்

கேள்வி: வணக்கம் டாக்டர். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு வயது 63. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி, அப்புறம் மண்டோராகி (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) ஓய்வு பெற்றவர். இனிப்புநீரும் (சர்க்கரை நோய்) ரத்த அழுத்தமும் உண்டு. அரசாங்க கிளினிக்கில் மெட்ஃபார்மின், கிளிக்லசைட், பெரிண்டோபிரில், ஹைட்ரோகுளோரோதயாசைட் கொடுக்கிறார்கள். ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் உள்ள மகள் வீட்டுக்குப் போகிறோம். மருமகன் ஒரே நாளில் பரோசா பள்ளத்தாக்கில் ஐந்து ஒயின் தோட்டங்களைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே கடும் வெயில் காலமாமே என்றால், "முப்பது வருஷம் வெயில்ல வேலை செஞ்சவன் நான்" என்கிறார். விருந்துகளில் கொஞ்சம் குடிப்பார். சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று வேறு சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் ஐந்து தோட்டம் வேண்டாம், இரண்டு போதும், அதுவும் காலையிலேயே. காரணத்தைச் சொல்கிறேன், அண்ணனையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் அந்த முப்பது வருஷக் கதை. அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது, பால் வெட்டுகிறவர் வேலை செய்வது நிழலில். இருட்டோடு பிரட்டு (ஆள் கணக்கெடுப்பு), விடிந்ததும் வெட்டு, உச்சி வெயில் ஏறுவதற்குள் பாலைச் சேர்த்து ஸ்டோரில் ஊற்றியாகிவிடும். மரமே குளிர்ந்த நேரத்தில்தான் நன்றாகப் பால் விடும். தலைக்கு மேலே இலைக்கூரை வேறு. திராட்சைத் தோட்டத்தில் அது கிடையாது. கம்பியில் ஏற்றிய கொடி நெஞ்சு உயரம் இருந்தால் அதிகம், வரிசைக்கு நடுவே நிற்கிறவர் தலையில் வெயில் நேராக இறங்கும். அதோடு, வெயிலுக்குப் பழகிய உடம்பு அந்தப் பழக்கத்தைச் சில வாரங்களிலேயே இழந்துவிடும். ஓய்வு பெற்று விசிறிக்கடியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பழைய கணக்கு செல்லாது.

இன்னொன்று, நம்ம ஊர் வெயில் சொல்லிவிட்டு அடிக்கும். 33 டிகிரிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் குடிக்கச் சொல்லும். பரோசாவில் ஜனவரியின் சராசரி உச்ச வெப்பம் 30 டிகிரியை ஒட்டித்தான், கேட்டால் நம்மைவிடக் குறைவாகத் தெரியும். ஆனால் உள்நாட்டுப் பாலைவனப் பக்கமிருந்து வடக்குக் காற்று வீசும் நாளில் 40-ஐத் தாண்டும். அடிலெய்டில் 2019 ஜனவரி 24 அன்று 46.6 டிகிரி பதிவானது. அந்தக் காற்றில் ஈரமே இருக்காது. வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், தோல் உலர்ந்தே இருக்கும், "எனக்கு வேர்க்கவே இல்லையே" என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார், அதே நேரத்தில் உடம்பிலிருந்து நீர் போய்க்கொண்டே இருக்கும். வயதானவர்களுக்குத் தாகமும் மந்தமாகத்தான் எடுக்கும். தோலின் சூடு ஏறக்குறைய 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் அடுப்பு வாயில் நின்று விசிறிக்கொள்கிற மாதிரிதான். நம்ம ஊரில் ஏழேகால் மணிக்கு இருட்டும் என்றால் அங்கே அந்த மாதத்தில் எட்டரை ஆகும், அதனால் "சாயங்காலம் ஐந்து மணிக்குப் போகலாம்" என்கிற யோசனையும் எடுபடாது.

இப்போது மாத்திரைகள். எனக்கு வெயிலைவிட இதுதான் கவலை.

ஹைட்ரோகுளோரோதயாசைட் என்பது நீர் பிரியும் மாத்திரை. உடம்பு ஏற்கெனவே காயும்போது அது இன்னும் நீரை வெளியேற்றும், வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கருகவும் வைக்கும். பெரிண்டோபிரில் நல்ல மருந்துதான், ஆனால் உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்துக்குச் சுமை கூடும். இந்த இரண்டோடு முட்டி வலிக்கு என்று மெஃபனாமிக் ஆசிட், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை எதையாவது போட்டால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடக்கூடும். அதைப் பெட்டியில் வைக்கவே வேண்டாம். சிறுநீரகம் தடுமாறினால் மெட்ஃபார்மின் உடம்பில் தங்கி ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு, மதுவும் அதே பக்கம்தான் தள்ளும். இதற்காக நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். கிளம்புவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பு கிளினிக்கில் சிறுநீரக ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, "கடும் வெயில் நாளில் அல்லது வாந்தி பேதி வந்தால் எதை நிறுத்தி வைப்பது?" என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

கிளிக்லசைட் தனிக் கதை. சர்க்கரை குறையும்போது கல்லீரல் கொஞ்சம் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக் காப்பாற்றும். மது உள்ளே போனால் கல்லீரல் அந்த வேலையை ஒதுக்கிவிட்டு மதுவைக் கரைக்கப் போய்விடும். மாத்திரையோ சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். இது குடித்த உடனேதான் வரும் என்றில்லை, நடு இரவில் வரலாம், மறுநாள் காலை பசியாறும் முன்பும் வரலாம். கை நடுங்கும், பேச்சு குழறும், தள்ளாடுவார். பார்க்கிறவர்கள் "மாமா கொஞ்சம் ஜாஸ்தியா போட்டுட்டார்" என்று போர்த்திப் படுக்க வைத்துவிடுவார்கள். அதுதான் உயிருக்கே ஆபத்து. குடித்த நாளில் தள்ளாடினால் முதலில் விரலில் குத்திப் பாருங்கள். சர்க்கரை அளவு 4.0 mmol/L-க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்தோ, சின்ன டப்பா பழச்சாறோ உடனே கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. படுக்கும் முன்பும் பாருங்கள், 7-க்குக் கீழே இருந்தால் இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டுத் தூங்கட்டும்.

சுவைப்புக் கணக்கை மருமகனே போட்டுப் பார்க்கட்டும். ஒரு சுவைப்புக்கு 30 மில்லி, ஓரிடத்தில் ஐந்து வகை, ஐந்து இடம் என்றால் 750 மில்லி, அதாவது ஒரு முழு பாட்டில். பரோசா ஷிராஸ் என்கிற சிவப்பு ஒயின் பெரும்பாலும் 14, 15 சதவீத மது, பீரைப் போல மூன்று மடங்கு. அண்ணனுக்கு அன்றைய நாள் முழுவதற்கும் 100 மில்லி போதும், அதுவும் சாப்பாட்டோடு. மற்றதெல்லாம் வாயில் வைத்து ருசி பார்த்துவிட்டுத் துப்பலாம், அதற்கென்றே அங்கே பாத்திரம் வைத்திருப்பார்கள், ஒயின் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. காடி ஓட்டுகிறவர் துப்பினால்கூட போதாது, தொடாமல் இருப்பதே நல்லது. அங்கேயும் வண்டி ஓட்டுகிறவர் ரத்தத்தில் மதுவின் வரம்பு 0.05 சதவீதம்தான், 2020-இல் நம்ம நாட்டில் குறைத்து வைத்த அதே அளவு.

இதயத்துக்கு நல்லது என்பது பழைய பாட்டு. பென்ஃபோல்ட்ஸ் என்கிற பெரிய ஒயின் நிறுவனத்தை 1844-இல் அடிலெய்டில் தொடங்கியவரே ஒரு டாக்டர்தான், நோயாளிகளுக்கு டானிக்காக ஒயின் கொடுத்தவர். நம்ம பாட்டிமார் பிள்ளை பெற்றவளுக்கு பிராண்டி கொடுத்த காலம் மாதிரி அதுவும் ஒரு காலம். இன்றைக்கு மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களில் முதல் வகுப்பில் இருக்கிறது, பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. ஆசைக்குக் கொஞ்சம் குடிக்கிறார் என்றால் சரி, புரிகிறது. மருந்து என்று சொல்லிக் குடிக்க வேண்டாம்.

அன்றைக்கு நன்றாகப் பசியாறிவிட்டுக் கிளம்புங்கள். பத்து மணி வாக்கில் சுவைக்கும் அறைகள் திறக்கும், இரண்டைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாடு, ஒரு மணிக்கு மேல் குளிர்சாதன அறை. முன்னறிவிப்பு 38-க்கு மேல் என்றால் அன்றைக்குப் போகவே வேண்டாம். காட்டுத் தீ அபாய நாளிலும் அப்படித்தான், அந்தப் புகை நம்ம ஊர் புகைமூட்டத்தைவிடக் கிட்டத்தில் இருக்கும். தாகத்துக்குக் காத்திராமல் மணிக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், இதயம் பலவீனம், கால் வீக்கம் என்று டாக்டர் அளவு கட்டியிருந்தால் மட்டும் அந்த அளவே. 100 பிளஸ் பானத்தைத் தண்ணீர் மாதிரி குடிக்காதீர்கள், அதில் சர்க்கரை இருக்கிறது. காலுக்கு மூடிய சப்பாத்து அவசியம்: இனிப்புநீரால் பாதம் மரத்துப்போனவர் சூடான கல் தரையில் வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். மாத்திரையையும் சர்க்கரை பார்க்கும் கருவியையும் காடிக்குள் விட்டுப் போகாதீர்கள்.

தலைவலி, குமட்டல், தசைப் பிடிப்பு வந்தால் நிழல், தண்ணீர், ஓய்வு. பேச்சு தடுமாறினால், ஆளே குழம்பினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அங்குள்ள அவசர எண் 000-க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். பனடோல் (பாராசிட்டமால் மாத்திரை) இந்தச் சூட்டை இறக்காது.

கடைசியாக, மலேசியர்களுக்கு ஆஸ்திரேலியாவில் அரசாங்க இலவச மருத்துவம் கிடையாது, ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தாலே ஆயிரக்கணக்கில் வெள்ளி போய்விடும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது இனிப்புநீரையும் ரத்த அழுத்தத்தையும் மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் பணம் வராது. மாத்திரைகளை அதே உறையோடு, டாக்டர் கடிதத்தோடு கைப்பையில் கொண்டுபோய், விமான நிலையப் படிவத்தில் மருந்து இருக்கிறது என்று குறியுங்கள். லேகியம், சூரணம் ஏதாவது இருந்தால் அதையும்.