புகார்ப் பதிவை எண்ணிய வாசகிக்கு

கேள்வி: எங்கள் தோட்டப் பட்டணத்தில் சாக்கடை, தெருவிளக்கு போன்றவை பற்றிப் பதிவான புகார்களை நானே உட்கார்ந்து எண்ணினேன். லயங்களிலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) 40 புகார். தீர்க்க இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தவை 16. தாமானிலிருந்து (வீடமைப்புப் பகுதி) 120, இழுத்தவை 30. “தாமானில்தானே தாமதம் அதிகம்” என்கிறார்கள். சரியா? — வாசகி, பேராக்

பதில்: சரியில்லை அம்மா. நான் தோட்டத்தில் கிராணியாக (கணக்கு எழுத்தராக) இருந்தவன். பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) பெரிய கும்பலுக்கு வராத ஆளும் அதிகமாகத்தான் இருக்கும். நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். இடத்தை வரிசையிலும் தாமதத்தைப் பத்தியிலும் வைத்து நான்கு கட்டம் போடுங்கள். சதவீதத்தை அந்தந்த இடத்துக்குள் கணக்கிடுங்கள்: லயம் 40, தாமான் 25.

ஆனால் உடனே மனு எழுத வேண்டாம். இடத்துக்கும் தாமதத்துக்கும் தொடர்பே இல்லையென்றால், மொத்தம் 160-இல் 46 என்ற விகிதப்படி லயத்தில் 11.5 புகார் தாமதமாகும். நீங்கள் கண்டது 16. இந்த இடைவெளியை எடைபோடத்தான் கார்ல் பியர்சன் 1900-இல் கை-வர்க்கச் சோதனையைத் தந்தார். கண்டதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எதிர்பார்த்ததால் வகுத்து, நான்கு கட்டத்துக்கும் கூட்டினால் 3.3 வருகிறது. தொடர்பே இல்லாதபோது தற்செயலாக நூற்றில் ஐந்து தடவைதான் தாண்டக்கூடிய எல்லை 3.84. எட்டவில்லை. அதற்காகப் பாகுபாடு இல்லை என்றும் ஆகிவிடாது, லயத்தின் 40 புகார் என்பது சின்னக் கணக்கு. ஓராண்டுப் பதிவு முழுவதையும் எண்ணுங்கள்.

அப்புறம், புகாரின் வகையைப் பிரியுங்கள். லயத்தில் பெரும்பாலும் சாக்கடை, தாமானில் தெருவிளக்கு என்றால், தாமதம் இடத்தாலா, வேலையாலா? தோட்டப் பாதை தனியார் நிலம் என்று நிர்வாகத்துக்குத் திருப்பிவிட்ட புகார்களையும் தனியாகக் குறியுங்கள். சாக்கடைக்கு மட்டும் போட்ட அட்டவணையிலும் லயம் பின்தங்கினால், அந்தத் தாளோடு போய்க் கேளுங்கள்.